ஐம்பத்தெட்டாவது கையெழுத்து

நூறு பேர் போதும் என்றது வேட்புமனு.
நூற்றுப் பதினேழு வாங்கினோம்,
பதினேழு பிழைக்கும் என்று தெரிந்துதான்.

பெண்டில் ஹில் மளிகைக் கடையில்
அரிசி மூட்டைக்கு மேல் தாளை விரித்து
ஐம்பத்தெட்டாவதாய் நான் போட்டேன்.
மூன்றாம் நாள் தேர்தல் அலுவலகத்து அழைப்பு:
பட்டியலில் இப்படி ஒருவர் இல்லையாம்.
இருந்தேன்.
அப்பாவின் பெயரில் இருந்தேன்.
விமான நிலையத்தில் முன்பின்னாய் ஏறிய பெயர்
இருபத்திரண்டு வருஷமாய்
செத்த மனிதரை வரிசையில் நிறுத்தி
வாக்குப் போட வைத்திருக்கிறது.
திரும்பக் கையெழுத்து வைத்தேன், அவராக.

ஊர்மிளா சிரித்தாள்.
டூங்காபி ஸ்டேஷனடி மருந்துக் கடைக்காரி.
இன்சுலின் அளவு சொல்லித் தரும் அதே குரலில்
ஞாயிற்றுக்கிழமை வராத பஸ்ஸைப் பற்றி
வாசல் வாசலாய்ப் பேசினவள்.
கட்டுப்பணம் இரண்டாயிரம் டாலருக்கு
பழைய கொரோலாவை விற்றாள்.

வேறு நாட்டுக்காரர் நிற்கக் கூடாது என்பது
அவளுக்குத் தெரியும்.
கொழும்புக்கு ஏழு கடிதம் எழுதினாள்.
ஒன்றுக்குப் பதில் வந்தது:
உங்களைப் பற்றிய பதிவு எதுவும் எம்மிடம் இல்லை.
அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள்,
பரீட்சை முடிவு மாதிரி.

எண்ணியது பதினொரு நாள்.
நான் மேசையடியில், கழுத்தில் அட்டை.
பார்க்கலாம், தொடக் கூடாது.
தோற்றவர்களின் தாள்கள்
இரண்டாம் விருப்பு, மூன்றாம் விருப்பு என்று
தயங்கித் தயங்கி எங்கள் அடுக்கில் வந்து குந்தின.
யாரோ எழுதிய ஏழு ஒன்று மாதிரி இருந்தது.
அதற்காக அரை மணி நேரம்
ஆறு பேர் குனிந்து நின்றார்கள்.
இருநூற்றுப் பதினாலு வாக்கால் வென்றாள்.

நாற்பது நாள் தவணை.
முப்பத்தெட்டாம் நாள் வழக்கு வந்தது.
போட்டவர் டக்ளஸ் ஹென்ஷா, ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
அவளிடமே பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்.
கோபமில்லை பிள்ளை, சட்டம்தானே என்றார்
மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே.
அவளும் எண்ணிக் கொடுத்தாள்.

தகப்பன் படிக்கப் போன வருஷம்
குரொய்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தாள்.
பதினொரு மாதம்.
அந்த நாட்டுக் கடவுச்சீட்டை அவள் கண்ணால் கண்டதில்லை.
பல் முளைத்ததே பிறகுதான்.

கன்பராவுக்கு நான்தான் கார் ஓட்டினேன்.
ஏரிக்கரையில் உயரமான கண்ணாடிக் கட்டடம்.
நினைவிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.
தெரியாமலிருந்தது விலகியது ஆகாது
என்று மட்டும் சொன்னார்கள், மரியாதையாக.
துரத்திய நாடு
ஆளே இல்லை என்று எழுதித் தந்தது.
பால்குடியாய்ப் படுத்துக் கிடந்த நாடு
தொட்டிலை மடிக்காமலே வைத்திருந்தது.

தோற்றாள் என்று தீர்ப்பு இல்லை.
தெரிவாகவே இல்லையாம்.
அப்போது அந்த ஏழு?
அந்த ஒன்று?

திரும்பும் வழியில் கோல்பர்ன்.
கொங்கிரீட் செம்மறியின் நிழலில் நிறுத்தி
போனிலேயே படிவம் நிரப்பினாள்.
குடியுரிமையைத் துறக்கவும் கட்டணம் உண்டு,
முந்நூற்றுச் சொச்சம் பவுண்.
வீட்டு வாசலில்கூட நாங்கள்
போறன் என்று சொல்வதில்லை,
போட்டு வாறன் என்போம்.
இங்கே 'வாறன்' போட இடமில்லை.
அழுத்தினாள்.
பொரித்த கிழங்கு ஆறிப் போயிருந்தது,
இருவரும் தின்றோம்.

இடைத்தேர்தல் ஆனியில்.
மறுபடி நூறு பேர், மறுபடி இரண்டாயிரம்,
விற்க இனிக் கார் இல்லை.
மறுபடி அதே அரிசி மூட்டை,
ஹென்ஷாவும் வந்து நின்றார்,
இந்த முறை எல்லாம் சரிதானே என்று கேட்டு
எனக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனார்.

பெயரைத் திருத்தச் சொல்லி
நானும் மாசியிலேயே எழுதியிருந்தேன்.
பதில் வரவில்லை.

பேனாவை வாங்கினேன்.
அப்பா கையெழுத்து வைத்தார்.