இரண்டு கொத்து

கதிராசி என்ற பெயரைக் கடைசியாக
விதானையார்தான் சொன்னார்,
மரணப் பதிவுக்கு, எழுத்துக்கூட்டி.
ஊருக்கு அவள் கிடாரக்காரி.
எனக்கு அம்மம்மா.

இரண்டு மூட்டை உழுந்து விற்று
மாங்குளத்தில் வாங்கி வந்தாளாம்.
அம்மப்பா மூன்று நாள் பேசவில்லையாம்.
நாலாம் நாள் யாரோ செத்தார்கள்,
கிடாரம் கேட்டு ஆள் வந்தது.
அதோடு அவரும் பேசத் தொடங்கிவிட்டார்.

கரிப்பட்டமுறிப்பில் எந்த வீட்டில் அடுப்பு மூட்டினாலும்
முதலில் அவளிடம் வந்து நிற்கவேண்டும்.
எத்தனை பேர்? ஆர் சமையல்?
அடிப்பிடிச்சால் ஆர் மினுக்கிறது?
கேட்டுக் கேட்டுக் கொல்லுவாள்.
கலியாணத்துக்குப் போனது வெறுமையாய்த் திரும்பக்கூடாது,
ஒரு தேசிக்காயாவது உள்ளே உருளவேண்டும்.
செத்தவீட்டுக்குப் போனது
ஒன்றும் இல்லாமல் வரவேண்டும்.
அன்றிரவு முற்றத்தில் கவிழ்த்து
பனியில் விடுவாள்.
காலையில் அதன் முதுகில் நாய் படுத்திருக்கும்.

யாழ்ப்பாணம் பெயர்ந்து வந்த மாரியில்
அது வீட்டுக்கே வரவில்லை.
பள்ளிக்கூடத்தில் கஞ்சி, கஞ்சி, கஞ்சி.
அந்த நாட்களில்தான் செல்லாத்தையின் நாம்பன்
வேலி பிரித்து எங்கள் உழுந்துக்குள் இறங்கியது.
அம்மம்மா சொன்ன சொற்களை இங்கே எழுதமுடியாது.
செல்லாத்தை பதில் சொல்லவில்லை.
வவுனியாவுக்கு ஆள் அனுப்பி
தனக்கென்று ஒரு கிடாரம் எடுப்பித்தாள்.

அதற்குப் பிறகு ஊரில்
இரண்டு கிடாரம், ஒரு சண்டை.
யாருடையது பெரிது?
தண்ணி விட்டு அளந்தால் முடிந்துவிடும்.
ஒருவரும் அளக்கவில்லை.

பிறகு ஒரு நாள், ஒரே இரவில்
எல்லாரும் கிழக்கே போகவேண்டி வந்தது.
குழி வெட்ட நேரம் இருந்தது
ஒன்றுக்குத்தான்.
பாலை மரத்தடியில் மாமா வெட்ட
இரண்டு கிழவிகளும் இரண்டு பக்கம் நின்று
ஒரு சொல்லும் பேசாமல்
மண்ணைக் கைகளால் தள்ளினார்கள்.
மாமா திரும்பி வரவில்லை.
அதைப் பற்றி அம்மம்மாவும் எழுதவிடமாட்டாள்.

செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு
போகிற வருகிறவர்களிடம் சொல்வாள்:
"கிடாரம் பத்திரமாக் கிடக்கு."

மீண்டு வந்தபோது வளவெல்லாம் சிவப்பு நாடா.
மிதிவெடி எடுக்கிற பெடியன்
பாலையடிக்குப் போனதும் கருவி கத்திய கத்தில்
எல்லாரும் ஓடினோம்.
அவள் மட்டும் நாடாவுக்கு இந்தப்பக்கம் நின்று
வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள்.
"அது வெடியில்லை மோனே,
ஐந்நூறு பேருக்குச் சோறு!"
அவன் நம்பவில்லை.
ஒரு பகல் முழுக்கக் குப்புறக் கிடந்து
தூரிகையால் மண் தட்டினான்.

இரண்டும் வெளியே வந்தன,
ஒன்றுக்குள் ஒன்று.

உள்ளே இருந்தது எங்களுடையது.

அம்மம்மா பார்த்தாள்.
செல்லாத்தையும் பார்த்தாள்.
"மண்ணுக்குள்ள கிடந்து
சுருங்கிப்போச்சு" என்றாள் அம்மம்மா.
கொஞ்சமும் கூசாமல்.

போன வைகாசியில் அவள் செத்த அன்று
எங்கள் கிடாரம் ஒலுமடுவில்,
ஒரு சாமத்திய வீட்டில்.
திருப்பிக் கேட்கலாமா என்றார் சித்தப்பா.
கேட்டிருந்தால் எழும்பி வந்து ஏசியிருப்பாள்.
பந்தலுக்கடியில் பிளேன்ரீக்கு வழியில்லாமல் நின்றபோது
ஒழுங்கையில் லான்ட்மாஸ்ரர் சத்தம்.
பெட்டியில் செல்லாத்தையின் கிடாரம்,
அதைப் பிடித்தபடி செல்லாத்தை.
இறங்கவில்லை. இறக்கிவிட்டுப் போய்விட்டாள்.

எட்டு முடிந்து நான்தான் கொண்டுபோனேன்,
சாம்பல் போட்டு மினுக்கி,
ஒன்றும் இல்லாமல்.
அவள் உள்ளே கைவிட்டுத் தடவினாள்.
விளிம்பை விரலால் சுண்டி
ஓசை அடங்கும்வரை காது கொடுத்தாள்.
பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"கொம்மம்மான்ரையை விட
இது ரெண்டு கொத்து கூடப் பிடிக்கும்."

நாம்பன் பரம்பரையில் ஒன்று
வேலியோரம் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இல்லை," என்றேன்.
"எங்கடைதான் பெரிசு."

அவள் நிமிர்ந்தாள்.
பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.
கண்ணில் பழைய நெருப்பு.
"ஆரடி சொன்னது?"

பொழுதுபடும்வரை சண்டை பிடித்தோம்.
நான் விட்டுக்கொடுக்கவில்லை.