காற்று போகும் பக்கம்

மூன்றாம் முறையாக வந்து நின்றது
சிவப்பு வெளுத்து ரோஜாவாகிவிட்ட
அந்த நாலுசக்கர பைக்.
கோவாவில் கடலோரச் சவாரி ஓடிக் களைத்து
தொண்டியக்காட்டு இறால் பண்ணைக்கு
இரண்டாங்கையாக வந்தது.

"நின்னா கொதிக்கல அண்ணே,
ஓட்டினாத்தான் கொதிக்குது"
என்றாள் தையல்நாயகி.
இரவுச் சுற்று அவளுடையது.
இருபத்திரண்டு குட்டை, கரை கரையாக.
காற்றாடி நின்றுபோன குட்டையை
ஒரு மணி நேரம் கவனிக்காவிட்டால்
விடியும்போது இறால் இல்லை, நாற்றம்தான்.

நான் சிரித்தேன்.
நின்றால் கொதிக்கும், ஓடினால் ஆறும்,
என் கைக்கு வந்த எல்லா வண்டியும் அப்படித்தான்.
பதற்றத்தில் மாற்றிச் சொல்கிறாள்
என்று போன இரண்டு முறையும்
கூலண்ட் மட்டும் ஊற்றி அனுப்பியிருந்தேன்.

சூட்டோடு மூடியைத் தொடவில்லை.
பத்தொன்பது வயதில் வாங்கிய தழும்பு
முன்கையில் இருக்கிறது.
ஆறிய பின் திறந்தேன்.
விளிம்புவரை பச்சைத் தண்ணீர்.
ஆயில் குச்சி கறுப்பு,
பால் கலந்த நிறமில்லை,
ஹெட் கேஸ்கெட் பிழைத்தது.
ரேடியேட்டர் இடுக்கில் உவர்மண், வைக்கோல் தூசு,
ஒரு தும்பியின் அரைச் சிறகு.
பழைய பல்பிரஷால் தேய்த்துக் கழுவினேன்.
கொதித்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
சிக்கந்தர் டீக்கடைக்கு எடுத்துப் போனேன்.
"இதுல என்ன, ஸ்ட்ராங்கா லைட்டா?" என்றபடி
வெந்நீர்ப் போசியில் நூல் கட்டித் தொங்கவிட்டான்.
சரியான சூட்டில் வாய் திறந்தது,
இரைக்கு மேலே வரும் கெண்டைபோல.
அதன்மேலும் குற்றமில்லை.

மறுபடி மாட்டி பாலம் வரை ஓட்டினேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
அணைத்துவிட்டுக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்தேன்.
கீழே கோரையாறு,
ஓதம் ஏறும் நேரம்.
கடலுக்குப் போகவேண்டிய
ஆகாயத்தாமரைக் கொத்தொன்று
வடக்கே வந்துகொண்டிருந்தது,
ஊதாப் பூவோடு, அவசரமில்லாமல்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து
எஞ்சினை விட்டு, ஃபேன் எழும்வரை காத்திருந்தேன்.
"ஒரு காகிதம் குடும்மா."
பர்ஸுக்குள் நாலாக மடித்திருந்ததைக் கொடுத்தாள்.
ரேடியேட்டர் முகத்தில் வைத்தேன்.
உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.
பறந்து வந்து என் மார்பில் அடித்தது.

சத்தம் சரி. வேகம் சரி.
சுற்றுவது எதிர்ப்பக்கம்.
எஞ்சின் அனலை அள்ளி
எதிரே வரும் காற்றின் முகத்தில் வீசுகிறது.
நின்றால் ஏதோ கொஞ்சம் ஆறும்,
ஓடினால் இரண்டு காற்றும் முட்டி
நடுவில் ஒன்றும் அசையாது.

அவள் சொன்னது சரி.
மூன்று முறையும்.

ஃபேன் மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரும்
இடம் மாறியிருந்தன.
எவன் பார்த்த வேலை என்று திட்டிக்கொண்டே
சிவப்பு டேப்பைப் பிரித்தேன்.
பல்லால் கடித்து அறுத்த டேப்.
மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்தவன்
கடித்தால் மட்டும் விழும் பிசிறு
அதன் ஓரத்தில்.
ஐப்பசி மழையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
இந்த மோட்டாரை மாற்றியவன் நான்.

நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொட்டது.

ஒயரை மாற்றி மாட்டினேன்.
கீழே கிடந்த காகிதத்தை எடுத்துத் துடைத்தபோது
படித்துவிட்டேன், சம்பளச் சீட்டு:
"வாகனத்தை முறையின்றி இயக்கியதற்குப் பிடித்தம்
ரூ. 1,800. மூன்றாவது தவணை."

ரேடியேட்டர் முகத்தில் வைத்தேன்.
சப்பென்று ஒட்டிக்கொண்டது.
பாலம் வரை, சோதனைச் சாவடி வரை,
திரும்பி வரும்வரை விளக்கு எரியவில்லை.

பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்தேன்.
தொகை எழுதும் இடத்தில் கோடு போட்டு
கீழே எழுதினேன்:
ஃபேன் ஒயரைத் தலைகீழாகக் கொடுத்தது நான்.
ஓட்டியவர் மீது தவறு இல்லை.
கமாலுதீன்.

நன்றி சொல்வாள் என்று
எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல.
இரண்டு தடவை படித்தாள்.
"தேதி போடலையே."
போட்டேன்.
"கடை சீலு?"