இணைப்பு இல்லை

இரவுப் பணி முடிந்து
முதியோர் இல்லத்தின் பின்வாசலில்
கையுறை கழற்றும்போதே
ரேகுலா சவுக்கின் பழைய சுபாரு வந்து நின்றது.
நாலு மணி பத்து.
"ஏழு மணிக்குப் புல் வெட்டுகிறோம்" என்றாள்,
காலை வணக்கத்துக்குப் பதிலாக.

ட்ரூப் பள்ளத்தாக்கின் கடைசி வளைவு தாண்டினால்
கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிரும்.
மூன்று. ஒன்று.
பிறகு அந்தச் சிறு பெருக்கல் குறி.
"இங்கே இணையம் கிடையாதே,
உன் பொம்மை பறக்குமா?"

இதையேதான் என்ரை மனுசனும் கேட்டவர்,
ஆயிரத்து இருநூறு பிராங்க் பற்றுச்சீட்டைக் கண்டதும்.
"நெற் இல்லாத இடத்தில இது பறக்குமோ, தர்மிளா?"
அவர் கேட்டதில் நியாயம் உண்டு.
நெற் இல்லாத இடத்தில் அவரே
கதிரையை விட்டு எழும்புவதில்லை.

பறக்கும், ரேகுலா.
என் கைக்கும் அதற்கும் நடுவே
கண்ணுக்குத் தெரியாத ஒரு வானொலி நூல்,
தான் நிற்கும் இடம் கேட்டறிய
மேலே பத்துப் பன்னிரண்டு செயற்கைக்கோள்,
குளிரில் விறைக்காமல்
என் மார்புக்குள் வைத்துச் சூடேற்றிய பற்றரி.
இணையத்தின் வேலையெல்லாம் வீட்டில், முதல் நாள்.
கடவுச்சொல், புதுப்பிப்பு,
வரைபடம் இறக்குவது.

வரைபடத்தை இறக்க மறந்திருந்தேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
திரையில் சாம்பல் கட்டங்கள்.
ஊரில்லை, ஓடையில்லை,
நடுவில் நான் என்று ஓர் அம்புக்குறி.
பரவாயில்லை.
இதைவிடக் குறைந்த வரைபடத்தோடு
ஐந்து எல்லை கடந்து வந்தவள்.

எழும்பியது.

அந்த இரைச்சல்.
வன்னியில் நாங்கள் அதற்கு வைத்த பெயர் வண்டு.
எந்தப் பூவுக்கும் வராத வண்டு.
தலைக்கு மேல் அது சுற்றினால்
அடுப்பில் தண்ணீர் ஊற்றுவோம்,
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையை இழுத்தெடுப்போம்.
அதற்கும் இணையம் தேவைப்பட்டதா என்று
அப்போது யாரும் கேட்டதில்லை.
ரேகுலாவுக்குத் தேனீ மாதிரிக் கேட்கிறதாம்.
கேட்கட்டும்.

வரிவரியாக மேய்ந்தது.
வெப்பக் கண்ணில் புல்வெளி முழுதும் கறுப்பு.
முதல் வெள்ளைப் புள்ளி, பகல் சூடு ஆறாத ஒரு பாறை.
இரண்டாவது, ரேகுலாவின் பூனை,
எங்கள் இருவரையும் அது மதிக்கவில்லை.
மூன்றாவது,
அரிசி மணி அளவு,
அசையாமல்.

போன் அடித்துச் சொல்ல வழியில்லை.
மேட்டில் நின்று நான் கத்தினேன்,
"வலப்பக்கம்! இன்னும்! மிதிக்காதே, காலடியில்!"
இந்த நாட்டில் பதினான்கு வருடம்,
நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது
அதுதான் முதல்முறை.

மான்குட்டி.
பிறந்து ஒரு வாரம் இருக்கும்.
"ஓடவே ஓடாது" என்றாள்,
"சத்தம் கேட்டால் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்,
வெட்டும் இயந்திரம் மேலே வந்தாலும். முட்டாள்."
"முட்டாள் இல்லை" என்றேன்.
அதற்கு மேல் சொல்ல
என் ஜெர்மனில் சொல் இல்லை.
தமிழிலும், இருந்தால்,
பங்கருக்குள் முகம் புதைத்துக் கிடந்த அன்றே
கிடைத்திருக்கும்.

பிடுங்கிய புல்லைக் கை நிறையப் பொத்தி,
மனித வாடை படாமல்,
காட்டோரம் தூக்கிப் போனாள் அவள்.
மேலே கவிழ்த்த ஆப்பிள் கூடையின் இடுக்கு வழியே
ஒரு காது மட்டும் திரும்பியது,
என் வண்டு இறங்கிய திசைக்கு.

ட்ரூப்ஷாகன் ரயில் நிலையம்.
மடியில் பத்து முட்டை.
கோடுகள் திரும்பி வந்தன,
கூடவே முப்பத்தொரு செய்தி.
ட்ரோன் செயலி முறையிட்டது:
இணைப்பின்றிப் பறந்திருக்கிறீர்கள்,
பயணக் குறிப்பைச் சேமிக்க உள்நுழையவும்.
'பிறகு' என்பதை அழுத்தினேன்.

கடைசிச் செய்தி அவருடையது. "பறந்ததோ?"
ஓம் என்று எழுதினேன். அழித்தேன்.
பால் வாங்கி வைச்சிருக்கிறியளோ
என்று கேட்டு அனுப்பினேன்.