இடது சேனல்

மூவாயிரத்து இருநூறு ரூபாய்.
கோயம்புத்தூரில் கலைந்துபோன மெல்லிசைக் குழு ஒன்று
கடனுக்கு ஈடாக விட்டுப்போன கம்ப்ரஸர்.
மேட்டுப்பாளையம் தாண்டி, பஸ் கூரையில்,
தார்ப்பாய்க்கடியில், முட்டைக்கோஸ் நாற்றுக்குப் பக்கத்தில்
மலையேறிக் கோத்தகிரி வந்தது.
முகப்பில் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது.
மீதியை வைத்து எந்தக் கம்பெனி என்று
கண்டுபிடிக்க நான் முயலவில்லை.

டயர்க் கடைக்கு மேலே என் அறை.
சுவரெல்லாம் கம்பளி,
மூன்று நாள் மூடுபனியில் ஊறிய கம்பளி.
சுவிட்சைப் போட்டால் பெட்டி முதலில் இருமும்.
குமிழைத் திருப்பினால்
வறுகடலை மெல்லும் சத்தம்.

அதற்கு வேலை ஒன்றுதான்.
கத்துகிறவர் தலையில் கைவைத்து அமுக்கும்,
பிறகு எல்லோரையும் சேர்த்து ஒரு படி மேலே தூக்கும்.
நல்ல பெட்டி இதை நமக்குத் தெரியாமல் செய்யும்.
இது
வராந்தாவில் ஹெட்மாஸ்டர் வருவதுபோலச் செய்தது.

யோகேஸ்வரி பாடிய பாட்டு ஒன்று கையில் இருந்தது.
கீழ்க்கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்.
மூன்று நிரை தள்ளி நிற்பவளைக்
கூப்பிட்டுக் கூப்பிட்டு உரமேறிய தொண்டை.
கூடவே கொழுந்தன் தனராஜின் தப்பு.
இரண்டும் ஒரே மைக்கில் பிடித்தது, பிரிக்க வழியில்லை.
தப்பின் ஒவ்வொரு அடிக்கும்
அவள் குரல் தண்ணீரில் முங்கி எழுந்தது.
அடித்தது அவன், குனிந்தது இவள்.
பெட்டிக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

மூடியைக் கழற்றினேன்.
உள்ளே செத்த அந்துப்பூச்சி ஒன்று,
பச்சைப் பலகை முழுக்க எட்டுக்கால் ஐசிகள்.
மிக்ஸி ரிப்பேர் பெள்ளிராஜ்
சால்டரிங் குச்சியை வாடகைக்குத் தந்தான், மணிக்கு இருபது.
இலவசமாக ஒரு கேள்வி:
"இருக்கறத ஏன் கெடுக்கறே?"

தப்பின் அடிவயிற்றுச் சத்தம்
காவல்காரன் காதில் விழாதபடி
வழியில் இருந்த கண்டென்சரை எடுத்துச் சின்னது வைத்தேன்.
பதினோரு ரூபாய்.
அமுக்கிய கையைச் சீக்கிரம் எடுக்கட்டும் என்று இன்னொன்று.
ஒன்பது.
இரைகிற ஐசிக்குப் பதில் நாற்பத்தைந்து ரூபாயில் கொஞ்சம் அமைதி.
முதல் தடவை ஒன்றைத் தலைகீழாகப் பற்றவைத்து
பட்டாசு வாசனை வந்தது. மாடிப்படி வரை ஓடினேன்.
கட்டைவிரலில் ஈயக் கொப்புளம்.
வலது சேனலுக்குக் காசு இல்லை.
அது பிறந்தபடியே இருக்கிறது.

இரவு பதினொன்றுக்கு மேல் போட்டுக் கேட்டேன்,
தேயிலை ஃபேக்டரி ரோலர் நின்று
கரண்டு நிதானத்துக்கு வந்த பிறகு.
சிவப்பு விளக்குகள் மூன்று ஏறி இறங்கின.
தப்பு அடித்தது. குரல் குனியவில்லை,
முதுகில் நிறைகூடையோடு சரிவில் நிற்பதுபோல
அப்படியே நின்றது.

இன்னும் கொஞ்சம் அமுக்கினேன், பேராசை.
பெரிய சத்தமெல்லாம் தணியத் தணிய
அடியில் கிடந்தது மேலே வந்தது.
தகரத்தில் தூறல்.
தனராஜ் மூக்கை உறிஞ்சுவது.
ரோட்டில் கியர் மாற்றும் ஒரு வண்டி.
இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவே,
மூச்சைவிடக் கொஞ்சமே பெரிதாக,
யோகேஸ்வரி:
"கடைசி பஸ் போயிருச்சா?"

பதிவு செய்த அன்று அது என் காதில் விழவில்லை.
இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று
ஆறு தடவை பாட வைத்தேன்.
எப்படி வீடு போனார்கள் என்று கேட்கவும் இல்லை.
பன்னிரண்டு கிலோமீட்டர்,
காட்டெருமை நிற்கும் வளைவுகள்.

அந்த இடத்தை வெட்டலாம். ஒரு விநாடிகூட இல்லை.
வலது சேனலில் போட்டுப் பார்த்தேன்.
இரைச்சலில் கேள்வி காணாமல் போனது,
குரல் மறுபடி குனிந்தது.
இடதுக்கே மாற்றினேன்.

காலையில் போன் செய்தேன்.
மணி எட்டு, அவள் மலைக்குப் போயிருந்தாள்.
எடுத்தது தனராஜ்.
"அன்னைக்கு எப்படி வீட்டுக்குப் போனீங்க?"
"எந்த அன்னைக்கு?" என்றான்.