இறக்கத்தில் ஸ்போர்ட்

கோபி ஷோரூம் பையன் கவினேஷ்
சாவியோடு சேர்த்து மூன்று சொல் தந்தான்:
ஈகோ, நார்மல், ஸ்போர்ட்.
குமிழில் நான்காவதாய் ஒரு பனிப்பூ.
"அது நமக்கு வேண்டாமுங்க்கா" என்றான்.
காங்கேயத்தில் பிறந்தவளுக்கு
ஃப்ரிட்ஜைத் தவிர வேறெங்கே பனி.

எட்டு மாதம் ஈகோவை விட்டு நகரவில்லை.
வங்கியில் கடன் பிரிவு எனக்கு.
லிட்டருக்குப் பதினேழு என்று திரை காட்டினால்
அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாய் இறங்கும்.
மிதித்தால் வண்டி
யோசித்து,
மேலே கையெழுத்துக்கு அனுப்பி,
அப்புறம் நகரும்.
எங்கள் கிளையேதான்.

ஸ்போர்ட்டை ஒரே ஒரு தடவை
பெருந்துறை பைபாஸில்,
காற்றாலை இறக்கை ஏற்றிய லாரியைத் தாண்ட.
ஸ்டீயரிங் இறுகி, பாதம் தொடுமுன்னே பாய்ந்தது.
பெட்ரோலைக் குடத்தில் ஊற்றிக் குடிக்கிறதென்று
உடனே திருப்பி வைத்தேன்.

நேற்று
தாளவாடியில் டிராக்டர் கடன் பார்த்துவிட்டு
கேட் அடைப்பதற்குள் திம்பம் இறங்குகிறோம்.
பின் சீட்டில் கேஷியர் துளசிமணி,
மூக்கருகே எலுமிச்சம்பழம், கண் திறக்கவில்லை.
முன்னால் கரும்பு லாரி.
இருபத்தொன்றாம் வளைவிலிருந்தே
என் கால் பிரேக்கில் குடியிருக்கிறது.
ஈகோவோ சிக்கனம் சிக்கனம் என்று
மேல் கியருக்கு ஓடி ஓடி
வண்டியை வழுக்கவிடுகிறது.

பதினாறில் ஒரு வாசம்.
"ஏதோ தீயுதுங்க்கா."

ஸ்போர்ட்டில் கீழ் கியரை லேசில் விடாது:
கையேட்டில் என்றோ படித்த வரி
அந்த வளைவில் வந்து நின்றது.
திருகினேன்.
எஞ்சின் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது.
ஆனால் வண்டி,
ஜாமீன்தாரர் யாரோ பின்னாலிருந்து
சட்டையைப் பிடித்துக்கொண்டாற்போல்
அடங்கி அடங்கி இறங்கியது.

காலை எடுத்தேன்.
திரையில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது.
இவ்வளவு கத்தலுக்கும்
ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

கத்துகிறவர்கள் எல்லாரும்
அவசரக்காரர்கள், செலவாளிகள் என்று
நாற்பத்தாறு வயது வரை எழுதி வைத்திருந்தேன்.
எத்தனை விண்ணப்பங்களில்.

எஞ்சின் அதேதான். சக்கரமும் அதே.
பாதம் சொல்வதில்
எவ்வளவைக் காதில் வாங்குவது என்பதைத்தான்
அந்தக் குமிழ் மாற்றுகிறது.

பண்ணாரியில் முகம் கழுவி வந்த துளசிமணி
முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.
குமிழையே பார்த்தாள்.
"அந்தப் பூ எதுக்குங்க்கா?"
"தெரியல. மழை பெய்யட்டும்."

சத்தியில் ஆளுக்கு ரெண்டு தோசை.
நான் மூன்றாவதும் சொன்னேன்.