குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை

செவ்வாய்க்கிழமை அப்படித்தான் எழுதினேன்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, நுண்ணுயிரியல் கூடம்.
தீக்காய வார்டிலிருந்து வந்த பஞ்சுக்குச்சி:
இனயம் ததேயுஸ், வயது நாற்பத்தொன்று,
வள்ளத்து எஞ்சின் சுட்ட இடது முழங்கை.
தட்டில் மூன்றே புள்ளிகள்.
மூன்றை நாங்கள் எண்ணுவதில்லை.

மூன்று என்ன செய்யும்?
ஒன்றும் செய்யாது.
அதுதான் அவற்றின் சாமர்த்தியம்.
நஞ்சு காய்ச்சும் மரபணுவை
ஒவ்வொன்றும் உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு
சதை தின்னாமல், காய்ச்சல் மூட்டாமல்,
வெள்ளையணுவின் கண்ணில் படாமல்
ஒரு சிறு மூலக்கூறை மட்டும் வெளியே கசியவிடும்.
குழம்பில் உப்புப் பார்ப்பதுபோல்
கசிந்ததைத் திரும்பத் திரும்பச் சுவைக்கும்.
நீர்த்திருந்தால், பொறு.
ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்,
பொறு.

குலசேகரத்தில் அப்பாவின் ரப்பர் சங்கத்தில்
பதினோரு பேர் சேராவிட்டால்
கோரம் இல்லை என்று
வாழைக்காய் பஜ்ஜி தின்று கலைவார்கள்.
அகராதியில் கோரத்துக்கு
இன்னொரு பொருளும் உண்டு.
அதை வியாழக்கிழமை பார்த்தேன்.

கட்டைப் பிரித்ததும்
பச்சையும் நீலமுமாய் நனைந்திருந்தது துணி.
எந்த நிமிடத்தில் அந்தக் கசிவு
போதுமான அளவு கெட்டிப்பட்டதோ,
எது முதலில் பூட்டைத் திறந்ததோ,
முதல் என்று ஒன்று உண்டோ இல்லையோ,
கோடிக்கணக்கில் ஒரே மூச்சாகத் திறந்து
தசையைக் கரைத்துக்கொண்டிருந்தன.
தங்களைச் சுற்றி வழுவழுவென்று
ஒரு கூரையும் போட்டாகிவிட்டது,
மருந்து இறங்காமல் இருக்க.

கோபமில்லை அவற்றுக்கு. தலைவனும் இல்லை.
கூட்டம் என்றதும் நமக்குத் தோன்றும் எதையும்
அவற்றின்மேல் ஏற்றக் கூடாது என்று
நானே மாணவிகளிடம் சொல்வேன்.

வராந்தாவில் பிரகாசி, அவர் மனைவி,
என் கோட்டு நுனியைப் பிடித்தாள்.
"எக்கா, கிருமி உண்டுமா?"
உண்டு என்றேன்.
"நேத்து ராத்திரியே மணத்துது.
பூசைக்கு வைக்கிற திராட்சை ரசம் மாதிரி.
சொன்னா சிரிப்பியன்னு சொல்லல."

சிரித்திருக்க மாட்டேன்.
அந்தக் கிருமியின் மணம் அதுதான், புத்தகத்திலேயே இருக்கிறது.
ஒரு முழு இரவு முன்னால்
என் தட்டுக்கும் முன்னால்
அவள் மூக்கு அறிந்திருக்கிறது.
ஆனால் ஒருத்தி.
ஒருத்தி சொன்னால் எடுபடுமா என்று
அவளும் பொறுத்திருக்கிறாள்.

ததேயுஸ் பிழைத்தார். முழங்கை மடங்காது.
துடுப்புக்கு ஆகாது, தூண்டிலுக்குப் போதும் என்கிறார்.

இப்போதெல்லாம் மூன்றையும் எழுதுகிறேன்,
பென்சிலால், ஓரத்தில்:
"மூன்று உண்டு. மணம் கேட்கவும்."
புதிதாக வந்திருக்கும் டாக்டர்
அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.