சேவல் எண்ணாது

பங்குனிக் கடைசி. விடிய இன்னும் நாலு பீடி நேரம்.
ஒலுமடுவுக்குக் கிழக்கே, காய்ந்த அருவிக் கரையில்
விழுந்து கிடந்த முதிரைக்குப் பின்னால்
இடியனைத் தொடையில் கிடத்தி இருக்கிறேன்.
பீடி பற்ற ஏலாது.
நுளம்பை அடிக்கவும் ஏலாது.
அடித்தால் அதுவும் ஒரு செட்டைச் சத்தம்;
பிழையான இடத்தில், பிழையான நேரத்தில்,
எங்கோ ஒரு சேவலை உசுப்பிவிடும்.

காட்டுக்கோழியைக் கூப்பிடுவதென்றால்
அன்பாய் அழைப்பதில்லை. சண்டைக்கு இழுப்பது.
நாலாய் மடித்த பழைய சாரத்தை
உள்ளங்கையால் தட்ட வேண்டும்.
பட். பட். பட்.
"இது என்ரை இடம், நீ ஆர்?" என்று
இல்லாத செட்டையால் கேட்க வேண்டும்.
கூடத் தட்டினால் சந்தேகப்படும்.
குறையத் தட்டினால் மதிக்காது.
வடிவாய்த் தட்டினாலும்
பக்கத்துப் பற்றைக்குள் ஒரு பேடு கொக்கரித்தால்
உன்ரை வீரம் ஆருக்கு வேணும்?

போன கிழமை ஒன்று
நாற்பது அடிக்குள் வந்து, சூரைக்கு அங்காலை நின்று,
செம்மஞ்சள் கழுத்தை ஒருக்கா நீட்டி
என்னை முழுசாய்ப் பார்த்துவிட்டுப் போனது.
தேவமலர் கேட்டாள்: "கண்டனியோ?"
"அது என்னைக் கண்டது" என்றேன்.
அன்று மத்தியானமும் பருப்பு.

இன்று தட்டினேன்.
அருவிக்கு அந்தப் பக்கம் உடனே மறுமொழி.
பட். பட். பட்.
தட்டினேன். தட்டியது.
பொறுத்தேன். பொறுத்தது.
நான் ஒரு முழம் தவழ்ந்தால்
அதுவும் சருகில் ஒரு முழம் கிட்ட வந்தது.
இருபது வருசத்தில்
இப்படி மானமுள்ள சேவலைக் காணவில்லை.
குதிரையை இழுத்து வைத்தேன்.
வாய்க்குள்ளேயே சமைக்கத் தொடங்கினேன்:
மிளகு, உள்ளி, கொஞ்சம் பழப்புளி.

பிறகுதான் காதில் உறைத்தது.
ஒவ்வொரு முறையும் மூன்று.
ஒருக்காலும் நாலில்லை, இரண்டில்லை.
நடு அடிக்கு முன்னால் அதே இடைவெளி.
சேவல் எண்ணாது.
எண்ணுகிறது மனிசன்.
அதோடை, ஒரு தரமும் அது கூவவில்லை.
நானும் கூவவில்லைத்தானே.

அங்கேயும் ஒரு மடித்த சீலை.
அங்கேயும் ஒரு குழல், இந்தப் பக்கம் பார்த்தபடி.
மாங்குளத்துப் பக்கத்து ஆளோ,
கிழக்கே புதுசாய்க் காணி பிடித்த ஊராளோ,
முகாமில் சலித்துப்போன பொடியனோ.
எந்தப் பாசையில் "சுடாதை" என்று சொல்ல?
எழும்பினால் அசைவு. அசைவென்றால் இறைச்சி.
இருந்தால் அவன் தவழ்ந்து வருவான்.
வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.
இந்தக் காட்டில் முன்பும் அசையாமல் கிடந்திருக்கிறேன்.
அது வேறு கதை.
அதில் ஒருவரும் சீலை தட்டவில்லை.

இருமினேன்.
நல்ல, பழைய, பீடிக்காரன் இருமல்.
எந்தப் பறவைக்கும் அது வராது.

காடு கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு அங்காலைக் கரையில்
ஒரு தொண்டை செருமியது.
மெல்ல, மரியாதையாய்,
கோயிலில் முன்னுக்கு நிற்பவரை
விலகச் சொல்வதுபோல்.

குதிரையைப் பெருவிரலால் மெதுவாய் இறக்கினேன்.
அங்கேயும் இரும்பின் சின்னச் சத்தம்.
சருகுச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
பார்த்தால் முகம் வரும், முகம் வந்தால் ஊர் வரும்.

பீடி பற்றினேன். கை நடுங்கி மூன்று குச்சி போச்சு.
சைக்கிள் விட்ட இடத்துக்கு வந்தால்
கரியரின் மேல் வெள்ளையாய் எச்சம்,
இன்னும் ஈரம் காயவில்லை.
சில்லடியில் கிளறிய மண்.
நான் பெடலில் கால் வைத்த பிறகு
பின்பக்கப் பற்றைக்குள்
இரண்டும் ஐந்துமாய், ஒரு ஒழுங்குமில்லாமல்,
செட்டை அடித்து
ஒன்று கூவியது.